வீட்டிலிருந்து பல்கலைக்கழகக் கணினிக்கு: எந்த வழி கைவிடாது?

ஒருநாள் இரவு, துறைக் கணினியில் ஓடிக்கொண்டிருந்த கணக்கீட்டை வீட்டிலிருந்தபடி எஸ்எஸ்எச் (கட்டளைகளைத் தட்டித் தொலைவிலுள்ள கணினியை இயக்கும் முறை) வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு இணையம் போய், சில நிமிடங்களில் திரும்பி வந்தது. மறுபடி உள்ளே நுழைந்தால் நிரலைக் காணோம். ஆறு மணி நேரமாக ஓடியது. லாக் ஃபைலின் கடைசி வரி பாதி எண்ணோடு நின்றிருந்தது. அன்றிலிருந்து எந்த ரிமோட் வழியைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: நடுவில் இணைப்பு அறுந்தால் அந்தப் பக்கத்து வேலை என்ன ஆகும்? திரையில் படம் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஐடி பிரிவினர் வழக்கமாகச் சொல்வது விபிஎன்னோடு சேர்ந்த ரிமோட் டெஸ்க்டாப். இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் பலர். விபிஎன் உங்களை வளாக வலையமைப்புக்குள் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அங்கிருந்து உங்கள் கணினியின் திரையைத் திறப்பது ரிமோட் டெஸ்க்டாப்பின் வேலை. விபிஎன் இல்லாமல் நேராகப் போகக்கூடாதா என்றால், கூடாது. ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புகள் நுழையும் கதவான 3389-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால், கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் வந்து தட்டும். 2019-இல் வெளிவந்த புளூகீப் என்ற ஓட்டை இன்னும் மோசம். விண்டோஸ் 7, எக்ஸ்பி போன்ற பழைய பதிப்புகளில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய வழிவிட்டது. அந்த போர்ட்டை, வலையமைப்பின் காவல் சுவரான ஃபயர்வாலில் மூடிவைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் கேள்விக்கு ரிமோட் டெஸ்க்டாப் தரும் பதில் நல்ல பதில். இணைப்பு அறுந்தாலும் அந்தப் பக்கம் திறந்திருந்தவை திறந்தபடியே இருக்கும். திரும்ப நுழைந்தால், பாதியில் விட்ட வாக்கியத்தின் முனையில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் ஜன்னலை மூடினால் போதும். 'சைன் அவுட்' கொடுத்தால்தான் எல்லாம் மூடப்படும். நீங்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது அலுவலக மானிட்டரில் லாக் திரைதான் தெரியும் என்பதும் பெரிய நிம்மதி. தொல்லைகளும் உண்டு. துறைக் கணினியில் இருப்பது விண்டோஸ் ஹோம் பதிப்பென்றால் இந்த வழி கிடையாது; புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் இவற்றில் ஒன்று வேண்டும். வீட்டுக் கணினிக்கு ஹோம் பதிப்பே போதும். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் தமிழ் விசைப்பலகையை அந்தப் பக்கக் கணினியிலும் நிறுவிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எந்த விசை அழுத்தப்பட்டது என்ற தகவல்தான் அங்கே போகிறது, எழுத்து உருவாவது அங்கேதான். வீடியோ கூட்டங்களை மட்டும் வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட் திரைக்குள் போனால் குரலும் படமும் பிந்தும்.

எஸ்எஸ்எச் பிறந்ததே ஒரு பல்கலைக்கழகத்தில்தான். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதையடுத்து, அங்கே இருந்த தாத்து யுலோனன் 1995-இல் எழுதியது அது. எழுத்துகள் மட்டுமே போய்வருவதால் மெலிந்த இணைப்பிலும் ஓடும். ஆனால் வெறும் எஸ்எஸ்எச் என் கேள்வியில் தோற்றுவிடுகிறது. இணைப்பு போனதும் அதிலிருந்து தொடங்கிய நிரலுக்கு 'ஹேங்அப்' சமிக்ஞை போகிறது, நிரல் நின்றுவிடுகிறது. அன்றிரவு நடந்தது அதுதான். இணைப்பு அறுந்தாலும் நிரலை ஓடவைத்திருக்கும் டிமக்ஸ் என்ற கருவி இருந்திருந்தால் தப்பியிருக்கும். உள்ளே நுழைந்ததும் டிமக்ஸைத் திறந்து, நிரலை அதற்குள் தொடங்கிவிட்டால், பிறகு இணைப்பு இருந்தாலும் போனாலும் நிரலுக்குத் தெரியாது. கன்ட்ரோல்-பி, அடுத்து டி அழுத்தி நீங்களே விலகிப் போகலாம், மறுநாள் வந்து ஒட்டிக்கொள்ளலாம். லினக்ஸ் கணினியில் நீண்ட கணக்கீடு ஓட்டுபவர்களுக்கு இதைவிட நம்பிக்கையான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. வரைபடம் பார்க்க வேண்டுமென்றால் ஃபைலை வீட்டுக்கு நகலெடுத்துப் பாருங்கள். எஸ்எஸ்எச் வழியாக ஜன்னல்களை இழுத்துவந்தால் ஒவ்வொரு மெனுவுக்கும் காத்திருக்க வேண்டும்.

குரோம் ரிமோட் டெஸ்க்டாப், எனிடெஸ்க், டீம்வியூவர் மூன்றையும் சேர்த்தே பார்க்கலாம். அலுவலகக் கணினியே வெளியே உள்ள சர்வரை அழைத்துக் காத்திருப்பதால் விபிஎன் தேவையில்லை, ஃபயர்வாலும் பெரும்பாலும் தடுக்காது. நிறுவும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும், இணைப்பு போனாலும் அந்தப் பக்கம் எதுவும் மூடாது. ஆனால் வளாகத்துக்குள் யாருக்கும் தெரியாத ஒரு வாசலை நீங்கள் திறக்கிறீர்கள். குரோமில் அந்த வாசலுக்குக் காவல் உங்கள் கூகுள் கணக்கும் ஒரு பின் எண்ணும்தான். இன்னொன்று, அலுவலக மானிட்டர் எரிந்துகொண்டிருந்தால் நீங்கள் செய்வதெல்லாம் அங்கேயும் தெரியும். மாணவர்களின் மதிப்பெண் பட்டியலைத் திறந்திருக்கும்போது அறைக்குள் யார் வந்தாலும் படிக்கலாம். திரையை மறைக்கும் வசதி இருக்கிறது, அதைத் தேடி இயக்க வேண்டும். எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டின் இலவச உரிமமும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே; சம்பளத்துக்குச் செய்யும் வேலை அதில் சேராது. ஐடி பிரிவு எழுத்தில் அனுமதித்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

தொலைவிலுள்ள திரையைக் காட்டும் இன்னொரு வழியான விஎன்சி பற்றி ஒரு வார்த்தை. அதன் பழைய முறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகள்தான் கணக்கு, திரைத் தகவலும் மறையாக்கம் இல்லாமல் போகும். எஸ்எஸ்எச்சின் மறையாக்கப்பட்ட சுரங்கத்துக்குள் வைத்தால் மட்டும் சரி.

எந்த வழியானாலும் அந்தப் பக்கக் கணினி தூங்கிவிட்டால் ஒன்றும் நடக்காது. பவர் அமைப்பில் ஸ்லீப்பை 'ஒருபோதும் இல்லை' என்று வையுங்கள். தூங்கும் கணினியை வலையமைப்பு வழியாக எழுப்பும் வேக்-ஆன்-லேன் இருக்கிறதே என்பார்கள். கணினியின் வலையமைப்பு அட்டைக்குரிய மேக் முகவரியை 16 முறை சொல்லி எழுப்பும் அந்தச் சின்னப் பொட்டலம் பொதுவாக ரூட்டரைத் தாண்டாது. அதே வலையமைப்பில் விழித்திருக்கும் இன்னொரு கணினி அதை அனுப்ப வேண்டும். விண்டோஸ் அப்டேட்டால் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆவது வேறொரு ஆபத்து. வட்டை மறையாக்கும் பிட்லாக்கர் தொடக்கத்தில் பின் கேட்கும்படி அமைந்திருந்தால், அந்த எண்ணை நேரில் தட்டும்வரை கணினி அங்கேயே நிற்கும்.

விண்டோஸ் கணினியும் அதிலுள்ள மென்பொருள்களும் வேண்டுமென்றால் விபிஎன், ரிமோட் டெஸ்க்டாப். கணக்கீடு என்றால் எஸ்எஸ்எச், டிமக்ஸ், அதையும் பல்கலைக்கழகம் காட்டும் வாசல் வழியாகவே. இரண்டு ஃபைல் மட்டும் போதுமென்றால் திரையே வேண்டாம், பல்கலைக்கழகம் தரும் சேமிப்பிடத்தில் போட்டுவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தாலும், தேவை வருவதற்கு முன் ஒரு மாலையில் துறையிலேயே உட்கார்ந்து சோதியுங்கள். லேப்டாப்பில் வளாக வைஃபையை அணைத்து, போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். வளாக வைஃபையில் சோதித்தால் பெரும்பாலும் ஃபயர்வாலுக்கு உள்ளேயே இருப்பீர்கள், அந்தச் சோதனை எதையும் காட்டாது. இப்போது துறைக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அதன் விசைப்பலகையைத் தொடாதீர்கள். லேப்டாப்பிலிருந்து உள்ளே நுழைந்து, ஒரு ஃபைலைத் திறந்து இரண்டு வரி எழுதுங்கள். பிறகு ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போட்டு உள்ளே போங்கள். அந்த இரண்டு வரியும் அங்கே இருந்தால் வீட்டுக்குக் கிளம்பலாம்.