பிளாண்டர்ஸின் நாட்டார் இசை: திரும்பத் திரும்பக் கேட்ட சில ஆல்பங்கள்

உழவர் வீட்டுத் திருமணம் ஒன்றைப் பீட்டர் ப்ரூகல் 1567ஆம் ஆண்டை ஒட்டி வரைந்த ஓவியம் இன்று வியன்னாவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பேக்பைப் வாசிக்க வந்த ஒருவர், பையில் காற்றூதுவதை மறந்து, கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிவரப்படும் கஞ்சிக் கிண்ணங்களின் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய தோளருகே இரண்டு ஒத்துக் குழல்கள் நீண்டு நிற்கின்றன. பேக்பைப் என்றதும் ஸ்காட்லாந்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, பெல்ஜியத்தின் வடபகுதியில் டச்சு மொழி பேசும் பிளாண்டர்ஸிலும் அது கல்யாண வீட்டு வாத்தியமாக இருந்தது என்பது புதிய செய்தி. அது எப்படி ஒலித்திருக்கும் என்று தேடப்போய்க் கைக்கு வந்த ஆல்பங்களைப் பல மாதங்கள் கேட்ட பிறகு எழுதும் மதிப்புரை இது.

இந்த இசையைக் கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்வழியாகவும் கைவழியாகவும் வந்த மரபு பிளாண்டர்ஸில் பெரும்பாலும் அறுந்துபோனது. பேக்பைப் வாசிப்பு ஏறக்குறைய முற்றாகவே நின்றுபோனது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஹூபர்ட் பூன், ஹெர்மன் டெவிட் போன்றவர்கள் கிராமங்களில் எஞ்சியிருந்த முதிய கலைஞர்களைத் தேடிச் சென்றும், அருங்காட்சியகக் கருவிகளையும் பழைய ஓவியங்களையும் பார்த்தும் அதை மீட்டார்கள். பாடல்களும் மெட்டுகளும் மட்டும் தாளில் பிழைத்திருந்தன. 1544இல் அச்சான ஆண்ட்வெர்ப் பாடல் நூலின் ஒரே ஒரு பிரதி இன்று ஜெர்மனியில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் யான் ஃப்ரான்ஸ் வில்லெம்ஸும் எட்மோன் டெ கூஸ்மாக்கரும் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார்கள். தாளில் மெட்டு இருக்கும். அதை எந்த வேகத்தில், எந்த அசைவோடு வாசிப்பது என்பது இருக்காது. அந்த வெற்றிடத்தை ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் நிரப்பியதால்தான் இன்றைய பிளாண்டர்ஸ் நாட்டார் இசைக்கு இத்தனை முகங்கள் வாய்த்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது வோர் என்னும் ஐவர் குழு. வயலின், அக்கார்டியன், கிதார், பேக்பைப் ஆகியவற்றோடு சாக்ஸபோனும் இந்தக் குழுவில் உண்டு. நாட்டார் இசைக்குழுவில் பாரிடோன் சாக்ஸபோனுக்கு என்ன வேலை என்ற ஐயம் முதல் சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடுகிறது. அடித்தளத்தில் அது குறுகிய மூச்சுகளாக உறுமி, தாளக்கருவி இல்லாத குறையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. மேலே வயலினும் பேக்பைப்பும் ஒரே மெட்டைச் சேர்ந்து இழுக்கின்றன. 18ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து ஏடுகளில் கிடைத்த மெட்டுகளே இவர்களுடைய மூலப்பொருள். முதல் ஆல்பத்துக்கு 1780களுக்குத் திரும்பிச் செல்வதாகப் பொருள்படும் தலைப்பை வைத்திருந்தாலும், கேட்கும்போது பழம்பொருள் காட்சிக்கூடத்தில் நிற்கும் உணர்வு ஏற்படுவதில்லை. இரண்டு அடி மெட்டை முதலில் எளிமையாக வாசித்துக்காட்டி, இரண்டாம் சுற்றில் சுருதிகளை அடுக்கி, மூன்றாம் சுற்றில் தாளத்தைச் சற்றே இடறவிட்டு, நம் கால் தானாக அசையும் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

2020இல் வந்த இவர்களுடைய 'அபவுட் டவர்ஸ்' ஆல்பத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். பிளாண்டர்ஸ் நகரங்களின் மணிக்கூண்டுகளில் காரிலான் என்னும் மணித்தொகுதி தொங்குகிறது. குறைந்தது 23 மணிகள் இருந்தால்தான் அதற்கு அந்தப் பெயர். கலைஞர் கோபுர உச்சியிலுள்ள சிறிய அறையில் அமர்ந்து, மரக்கட்டைகளாலான விசைவரிசையை மடக்கிய கைமுட்டியால் குத்தியும், காலால் மிதித்தும் அந்த மணிகளை ஒலிக்கச் செய்கிறார். ஊர் முழுவதும் கேட்கும் இசையை வாசிப்பவரை ஊரில் ஒருவரும் பார்ப்பதில்லை. மெக்கலன் நகரில் இதற்கென்றே 1922இல் தொடங்கப்பட்ட பள்ளி இன்றும் நடக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் மணிக்கலைஞர்கள் தேவாலயப் பாடல்களோடு, கீழே தெருவில் மக்கள் ஆடிய நடன மெட்டுகளையும் தங்கள் ஏடுகளில் எழுதிவைத்தார்கள். ஆண்ட்வெர்ப்பின் யோவான்னஸ் டெ க்ருய்டர்ஸ் 1746இல் தொகுத்த ஏடு அவற்றுள் புகழ்பெற்றது. அத்தகைய மணிக்கூண்டு ஏடுகளைக் கையில் எடுத்துக்கொண்ட வோர் குழுவினர், தெருவிலிருந்து கோபுரத்துக்கு ஏறிய மெட்டை மீண்டும் தெருவுக்கே இறக்கிவந்திருக்கிறார்கள். மணியொலிக்கென எழுதப்பட்டதால் இந்த மெட்டுகளில் தாவல்கள் அதிகம். அந்தத் தாவல்களை மூச்சுக் கருவிகள் எட்டிப்பிடிக்கும் அழகுக்காகவே இதைப் பத்துமுறை கேட்கலாம்.

குரலிசையை விரும்புபவர்கள் லயிஸ் என்னும் மூன்று பெண்களின் குழுவிலிருந்து தொடங்கலாம். கால்ம்தவுட் என்னும் ஊரில் உருவாகி, டிரானவ்டர் கிராமத்தில் 1975 முதல் நடந்துவரும் இசைவிழாவின் வழியாகக் கவனம் பெற்றவர்கள். 1998இல் வந்த முதல் ஆல்பத்தில் ''ட் ஸ்மிட்யே' என்னும் பழம்பாடல் இருக்கிறது. மணம் முடித்த இளம் கொல்லன் ஒருவன், மீண்டும் சுத்தியலும் பட்டறைக்கல்லுமாக இருக்கக் கூடாதா என்று புலம்பும் பாட்டு அது. அந்தப் பல்லவியை மூன்று பெண் குரல்களும் ஒரே கணத்தில் இறக்கும்போது, மொழி புரியாதவருக்கும் பட்டறையின் அடி காதில் விழும். குரல்களை மெருகேற்றி வழவழப்பாக்காமல், தொண்டையின் சற்றே கரடான ஒலியோடு விட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று சுருதிகளும் நெருங்கி உரசும் இடங்களில் ஒரு சிறு கூச்சம் உண்டாகிறது. அடுத்த அடியில் அது விலகும்போது கிடைக்கும் நிறைவு சொல்லி மாளாது.

ட்ரியோ டோர மூன்று சகோதரர்களின் குழு: ஒருவர் பொத்தான் அக்கார்டியன், ஒருவர் கிதார், ஒருவர் ஹர்டி கர்டி. கடைசியாகச் சொன்ன கருவியை ஒருமுறையாவது அருகிலிருந்து பார்க்க வேண்டும். வலக்கை ஒரு கைப்பிடியைச் சுழற்ற, குங்கிலியம் பூசிய மரச்சக்கரம் தந்திகளை ஓயாமல் உரசுகிறது. இடக்கை விசைகளை அழுத்தி மெட்டை உண்டாக்குகிறது. மணிக்கட்டைச் சட்டென்று வெட்டினால், ஒத்துத் தந்தி ஒன்றின் கீழுள்ள சிறு மரத்துண்டு அதிர்ந்து, வண்டு போல் உறுமித் தாளம் தருகிறது. சுருதியும் மெட்டும் தாளமும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய இந்த வாத்தியத்தை இவர்களுடைய 'மொமென்டம்' ஆல்பத்தில் கேட்டபோது, அமைதியான பகுதிகளில்கூட அடியில் ஏதோ ஒன்று சுழன்றுகொண்டே இருப்பதை உணர்ந்தேன். வோர் தரும் கொண்டாட்டத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்; இது இரவில் தனியாகக் கேட்பதற்கு உரியது.

நடனத்தை விட்டுவிட்டு இந்த இசையைப் பேச முடியாது. 2000ஆம் ஆண்டில் கென்ட் நகரில் அக்கார்டியன் கலைஞர் விம் க்ளாய்ஸ் தொடங்கிய பூம்பால் என்னும் நடன மாலைகள், இளைஞர்களை மசுர்கா, ஷாட்டிஷ் போன்ற பழைய ஜோடி நடனங்களுக்குத் திரும்ப அழைத்துவந்தன. பஸ்கால் ரூபன்ஸ், டோன் வான் மியர்லோ இருவரின் நரகோனியா இந்த நடன உலகுக்கு மிக நெருங்கிய இசை: இரண்டு அக்கார்டியன்கள் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்து வாசிக்கும்போது துருத்தி மூச்சு வாங்கும் ஓசையும் சேர்ந்தே பதிவாகிறது.

இவை போக, ராக் இசையோடு கலந்து கேட்க விரும்புபவர்களுக்குக் காட்ரில் என்னும் குழு இருக்கிறது. வௌட்டர் வான்டனாபேலெ உருவாக்கிய ஒல்லா வோகாலா பல நாட்டுக் கலைஞர்களைச் சேர்த்த பெருங்குழு. அந்தப் பெயரே ஒரு கவிதை வரியிலிருந்து வந்தது: இங்கிலாந்து மடம் ஒன்றில் 11ஆம் நூற்றாண்டில் யாரோ எழுதுகோலைச் சோதிக்கக் கிறுக்கி, 1932இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டெடுக்கப்பட்ட பழைய டச்சு வரி அது. பறவைகள் எல்லாம் கூடு கட்டத் தொடங்கிவிட்டன, நானும் நீயும் மட்டும் இல்லை, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அதன் பொருள். அகப்பாடல்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை தேவைப்படாது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நான் பயன்படுத்தும் இசைச் செயலி இந்தக் குழுக்களில் பலவற்றைக் கெல்டிக் என்ற தலைப்பின் கீழ் போட்டு, அடுத்த பாடலாக அயர்லாந்து இசையை ஓடவிடுகிறது. இதனால் குழுவின் பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்து தேடுவதே நல்லது. முடிந்தவர்கள் குழுக்களிடமிருந்து நேரடியாக இசைத்தட்டாக வாங்கலாம். முதலில் 'அபவுட் டவர்ஸ்', பிறகு லயிஸின் முதல் ஆல்பம், அதன்பின் 'மொமென்டம்' என்ற வரிசை எனக்குப் பொருந்தியது. கடைசி ஆல்பத்தை மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்த வண்டின் உறுமல் சிறிய ஸ்பீக்கரில் கரைந்துவிடுகிறது.