தனி ஆவர்த்தனம் எங்கே போச்சு?

கர்நாடக சங்கீதத்தைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்கிறவர்களுக்கு இரண்டு வகைச் சரக்கு கிடைக்கிறது. ஒன்று ஸ்டுடியோ ஆல்பம், மற்றது சபா மேடையில் நடந்ததை அப்படியே பிடித்த கச்சேரிப் பதிவு. பாடகரும் கிருதியும் ஒன்றே என்றாலும் இரண்டும் ஒரே பொருள் இல்லை. பாடாந்தரம் (குரு வழியாக வந்த பாட்டின் வடிவம்) கேட்டுப் பழக ஸ்டுடியோ, ராகமும் நிரவலும் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) தனியும் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம்) வேண்டுமென்றால் கச்சேரி என்பது எங்கள் கட்சி. ஆனால் கச்சேரிப் பதிவுகளில் தேறாதவை நிறைய. அதற்குக் காரணம் எல்லோரும் சொல்கிற இருமலும் செல்போன் மணியும் இல்லை.

ஸ்டுடியோ சுருக்கிப் பாடக் கற்றுக்கொண்டது இசைத்தட்டுக் காலத்தில். 78 சுழற்சித் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இடம். தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசித்த நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையே அதைத் தட்டின் இரண்டு பக்கத்துக்குள் அடக்கினார். அடங்கியதும் அபாரமாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். எல்பி வந்தபோது பக்கத்துக்கு 20 நிமிஷத்துக்கு மேல் கிடைத்தது, சிடியில் 74 நிமிஷம். பழைய பழக்கம் மட்டும் போகவில்லை. ஆல்பம் என்றால் ஏழெட்டு உருப்படி, மெயின் என்கிற பெரிய உருப்படிக்கு 20 நிமிஷம், தனி இரண்டு நிமிஷம், சிலவற்றில் தனி ஆவர்த்தனமே கிடையாது. சபாவில் அதே மெயின் முக்கால் மணி நேரம் போகும், தனி மட்டுமே பத்துப் பதினைந்து நிமிஷம் வரும்.

சத்தத்தில் ஸ்டுடியோவை அடித்துக்கொள்ள முடியாது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பிக்கு ஒரு மைக், வலப்பக்க வலந்தலைக்கு ஒரு மைக் என்று நிதானமாக வைப்பார்கள். ரவைப் பூச்சு போட்ட தொப்பியின் கும்கி என்கிற ஆழ்ந்த நாதம் அடிவயிற்றில் வந்து இறங்கும். வயலினுக்கு இரண்டடி தள்ளி ஒரு கண்டென்சர் மைக் வைத்தால் வில்லோடு மரத்தின் குரலும் சேர்ந்து வரும். சபாவில் வயலினின் உடம்பிலேயே பிக்கப் என்கிற ஒட்டு மைக்கை மாட்டிவிடுவதால் அந்த மரம் காணாமல் போய், மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு கூர்மைதான் மிஞ்சும்.

ஸ்டுடியோ கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. பல ஆல்பங்களில் பாடகர் முதலில் பாடிவிட்டுப் போய்விடுவார், மிருதங்கம் பிறகு தனியாக ஏறும். கண்டுபிடிக்க, பாடகர் அப்போதைக்கப்போது கற்பனையில் பாடுகிற கல்பனாஸ்வரத்தின் கடைசிக் கோர்வையை (திரும்பத் திரும்பப் பாடி முடிக்கிற ஸ்வரக் கணக்கை) கவனியுங்கள். மேடையில் மிருதங்க வித்வான் முதல் சுற்றில் கொஞ்சம் அடக்கி, கணக்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது மூன்றாவது சுற்றில்தான் முழுசாகச் சேர்ந்து வாசிப்பார். பாட்டு வரி தொடங்குகிற இடமான எடுப்பில் இருவரும் ஒன்றாக வந்து விழும்போது கிடைக்கிற சுகம் அந்தத் தேடலால் வருவது. முன்னேற்பாடு இல்லாத கோர்வை முதல் சுற்றிலேயே அட்சரம் பிசகாமல் கூட வந்தால், விடைத்தாளைப் பார்த்து எழுதியது போலத்தான். சுருதி திருத்தும் மென்பொருளை அதிகம் போட்டாலும் வினைதான். தோடி காந்தாரம் அசைந்துகொண்டே இருக்கவேண்டிய ஸ்வரம். மென்பொருள் அதைப் பக்கத்து ஹார்மோனியக் கட்டைக்கு இழுத்து உட்காரவைக்கும், கமகம் என்கிற அந்த அசைவு படிக்கட்டாகிவிடும்.

இனி கச்சேரிப் பதிவு. பெரும்பாலானவை அரங்கின் மிக்ஸரிலிருந்து நேரே எடுத்தவை. அந்த மிக்ஸ் அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகப் போட்டது, பதிவுக்காக இல்லை. சின்ன அரங்கில் மிருதங்கம் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும். அதனால் ஒலிக்காரர் அதைக் குறைத்தே வைப்பார், பதிவில் மிருதங்கம் பக்கத்து வீட்டில் வாசிக்கிற மாதிரி வரும். எலெக்ட்ரானிக் தம்புராவை மைக்குக்கு ஒட்டி வைத்துவிட்டால் இரண்டரை மணி நேரமும் ரீங்காரம்தான். மானிட்டரை, அதாவது மேடையில் தங்களுக்காக வைத்த ஸ்பீக்கரை, ஏற்றச் சொல்லிப் பக்கவாத்தியக்காரர்கள் கை காட்டியதும் அடுத்த அஞ்சு நிமிஷத்தில் ஊளைச் சத்தம் கிளம்பும். மிக்ஸரின் ஒலியோடு அரங்கில் தனியாக இரண்டு மைக் வைத்துப் பிடித்ததையும் கலந்திருந்தால் அந்தப் பதிவை யோசிக்காமல் வாங்கலாம். கைதட்டல் தூரத்தில் மெலிதாக இல்லாமல் நம்மைச் சுற்றிக் கேட்டால் பெரும்பாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

மாதிரி கேட்க வசதி இருந்தால் முதல் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வர்ணம் முடிகிற வரை ஒலிக்காரர் பொத்தான்களைத் திருகிக்கொண்டேதான் இருப்பார். மெயின் ராக ஆலாபனைக்கு ஓடுங்கள். பாடகர் முடித்து வயலின் எடுக்கிற இடத்தில் ஒலி அளவு சட்டென்று குதிக்கிறதா என்று பாருங்கள். பிறகு தனியில் தொப்பி கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறினால் போதும், இருமல் இரண்டு நாளில் பழகிவிடும்.

பழைய டேப்பிலிருந்து எடுத்தவற்றில் முதலில் கட்டையை, அதாவது பாடகர் வைத்துக்கொண்ட சுருதியின் உயரத்தை, சோதிக்கவேண்டும். டேப் ஆறு சதவீதம் வேகமாக ஓடியிருந்தால் ஒரு கட்டைக் குரல் ஒன்றரைக் கட்டையாகிவிடும், ஒரு மணி நேரக் கச்சேரியில் மூன்று நிமிஷத்துக்கு மேல் சுருங்கும், மெதுவாகப் போகவேண்டிய விளம்பகாலக் கிருதிக்கு அவசரம் வந்துவிடும். செல்போன் சுருதி ஆப்பில் தம்புராவின் ஷட்ஜத்தை (ஸ) பார்த்து, அந்தப் பாடகர் அந்த வயதில் பாடிய கட்டையோடு ஒப்பிடுங்கள். வயதானபின் சுருதியை இறக்கியவர்கள் உண்டு என்பதால் வயதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 90 நிமிஷக் கேசட்டில் 45ஆவது நிமிஷத்தில் பக்கம் மாற்றியாகவேண்டும், அது பல்லவியின் நடுவில் வந்தால் அந்த இடம் போனதுதான். இரைச்சலை ஒட்டச் சுரண்டியெடுத்த பதிவை வாங்காதீர்கள். இரைச்சலோடு தம்புராவின் மேல் ஸ்வரங்களும் போய், தண்ணீருக்குள் பாடுகிற மாதிரி இருக்கும். கொஞ்சம் உஸ் என்று இருந்தாலும் தொடாத டேப் எவ்வளவோ மேல்.

சிடி தரத்தில் ஒரு மணி நேரம் சுமார் 635 எம்பி, தரம் குறையாமல் சுருக்குகிற ஃப்ளாக்கில் ஏறத்தாழ அதில் பாதி. 128 கேபிபிஎஸ் எம்பி3 58 எம்பிக்குள் அடங்கும். ஆனால் அதில் முதலில் குழம்புவது தம்புராவும் கஞ்சிராவின் சலங்கையும்தான். குரலுக்கு மட்டும் என்றால் பாதகமில்லை.

ஸ்டுடியோ ஆல்பத்தில் ஒலி முழுக்க ஒரே மட்டத்தில் இருக்கும். கச்சேரிப் பதிவில் ஆலாபனை மெல்லியதாக வருவதால் வால்யூமை ஏற்றிவிடுவோம். ஹெட்போனில் கேட்கிறவர்கள் தனியின் கடைசிக் கோர்வை நெருங்கும்போது விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வருவது மொத்த அரங்கின் கைதட்டல்.