கிளப்பா, சங்கமா, ஆறு பேர் கூட்டமா? மதுரையில் தொழிலுக்குத் துணை தேடுபவர்களுக்கு ஓர் அலசல்

சொந்தமாகத் தொழில் நடத்துபவருக்கும், வீட்டிலிருந்தபடி பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவருக்கும் மதுரையில் ஒரே குறைதான்: தொழிலைப் பற்றி மனம்விட்டுப் பேச ஆள் கிடையாது. வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள். சொந்தக்காரரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஏதாவது ஒரு குரூப்பில் சேரலாம் என்று பார்த்தால் நாலைந்து வழி இருக்கிறது. எதில் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் சேர்ந்தால்தான் வம்பு.

வாடிக்கையாளர் வேண்டும் என்பவருக்கு, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் பிஎன்ஐ மாதிரியான பரிந்துரை கிளப்புகள் சரி. 1985-இல் அமெரிக்காவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய அமைப்பு அது. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். டைல்ஸ் வியாபாரி ஒருவர் உள்ளே இருந்தால், இன்னொரு டைல்ஸ் வியாபாரிக்கு அந்தக் கிளையில் இடமில்லை. வாரா வாரம் கூட்டம் உண்டு. ஆறு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் வராமல் இருந்தால் உறுப்பினர் இடமே ஆட்டம் காணும். வர முடியாத நாளில் பதிலுக்கு ஒருவரை அனுப்பிச் சமாளிக்கலாம். கேட்டரிங், இன்டீரியர், இன்ஷூரன்ஸ், பிரிண்டிங் போன்ற தொழில்களில் ஒன்றிரண்டு நல்ல ஆர்டர் வந்தாலே கட்டிய பணம் திரும்பிவிடும். ஆனால் ஆர்டர் எதிர்பார்க்கிற கூட்டத்தில், "இந்த மாசம் பசங்களுக்குச் சம்பளம் போடவே முடியலை" என்று யார் வாய் திறப்பார்கள்? அங்கே எல்லாரும் நன்றாக இருப்பதாகத்தான் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சங்கங்களின் கதை வேறு. தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் 1924 முதல் மதுரையில் இருக்கிறது. சிறு, குறுந்தொழில்காரர்களுக்கு மடீட்சியா என்ற சங்கம் இருக்கிறது. ஜிஎஸ்டி குழப்பம், மின் கட்டணம், லைசென்ஸ் இழுபறி, கண்காட்சியில் ஸ்டால் போடுவது என்றால் தனி ஆளாக அலைவதைவிட சங்கத்தில் இருப்பது பலம். பொன்னாடை போர்த்தி முடியும்வரை பொறுமையாக உட்காரத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கடை ஏன் நஷ்டத்தில் ஓடுகிறது என்று உட்கார்ந்து பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம். கப்பலூரில் லேத் வேலைக்கு ஆள் வேண்டும் என்று போட்டால் அரை மணி நேரத்தில் நம்பர் வந்துவிடும். மற்றபடி காலை வணக்கம்தான்.

நான் ஓட்டுப் போடுவது ஐந்தாறு பேர் சேர்ந்து தாங்களே நடத்தும் கூட்டத்துக்கு. வேறு வேறு தொழிலாக இருப்பது நல்லது: ஒரு போட்டோகிராபர், பிரிண்டிங் பிரஸ் வைத்திருக்கும் ஒருவர், கணக்கு எழுதுபவர், டியூஷன் சென்டர் நடத்துபவர், வடபழஞ்சி ஐடி பூங்காவில் வேலை பார்ப்பவர் என்று. ஒரு வாரம் ஒருவருடைய பிரச்சினை மட்டும். போட்டோகிராபர் தன் கொட்டேஷனை எடுத்து வைக்கிறார். கல்யாண வீட்டார் ஆல்பம் வாங்கும்போது பாதிப் பணத்தைக் குறைத்துக் கேட்கிறார்கள் என்கிறார். கணக்கு எழுதுபவர் கேட்கும் முதல் கேள்வி, "அட்வான்ஸ் எவ்வளவு வாங்குறீங்க?" அப்போதுதான் தெரிகிறது, அதை அவர் எழுதி வாங்குவதே இல்லை என்று. அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அவரிடம் கேட்க வேண்டும்: "அண்ணே, புது கொட்டேஷன் போட்டீங்களா?" அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால்தான் ஆள் வேலையைச் செய்வார். கட்டணம் கட்டிச் சேர்கிற எந்த இடத்திலும் இது எனக்குக் கிடைத்ததில்லை.

இடத்துக்கு ஹோட்டல் ஹால் வேண்டாம். 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸும் நண்பர்களும் ரோட்டரியைத் தொடங்கியபோது, ஒருவர் அலுவலகம் மாற்றி ஒருவர் அலுவலகத்தில்தான் கூடினார்கள். நாமும் அப்படியே செய்யலாம். பிரஸ்காரர் பிசினஸ் நல்லாப் போகுது என்று சொல்லலாம். அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பணம் வராத பில்கள் வரிசையாகக் கிடப்பதை நேரில் போனால்தானே பார்க்க முடியும்?

இந்தக் கூட்டத்தின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். கேட்பார் இல்லாததால் நாலாவது வாரத்தில் டீக்கடை அரட்டையாகிவிடும். இதற்கு மருந்து நம் அம்மாக்களிடமே இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களில் ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்பு பிரித்து, வருகை எழுதி, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி 1992-இல் இக்குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியபின், ஒழுங்காக எழுதிய நோட்டைப் பார்த்துத்தான் கடனே கிடைக்கும் என்றாகிவிட்டது. நாற்பது ரூபாய் நோட்டு ஒன்று வாங்கி, யார் எதைச் செய்வதாகச் சொன்னார், செய்தாரா என்று எழுதினால் போதும்.

ஆனால் அவர்களிடமிருந்து பணப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கூட்டத்துக்குள் கைமாற்று, சீட்டு, ஜாமீன் கையெழுத்து மூன்றும் ஆகாது. ஒருவர் பத்தாயிரம் வாங்கிவிட்டால், அவருடைய தொழிலைப் பற்றி உண்மையைச் சொல்ல மற்றவர்களுக்கு நாக்கு வராது. அவரும் வருவதை நிறுத்திவிடுவார். மொய்க் கணக்கும் அப்படித்தான். காதுகுத்துப் பத்திரிகை வந்தால் போய்ச் சாப்பிட்டு வாருங்கள், கூட்டத்தின் பெயரில் மொய் எழுத வேண்டாம்.

ஒரே தொழில்காரர்கள் இருவர் இருக்கலாமா? கேட்டரிங் மாதிரி ஒரே முகூர்த்தத்துக்கு இருவரும் மோதும் தொழில் என்றால் வேண்டாம். டிசைனர், புரோகிராமர் என்றால் தாராளமாக இருக்கலாம், ரேட் பேசவாவது உதவும்.

அப்புறம், தொடங்கும்போதே ஆறு மாதம் என்று கெடு வைத்துவிடுங்கள். மதுரைக்காரர்களுக்கு ஒரு கூட்டத்திலிருந்து விலகுவது என்றால் உறவை முறித்துக்கொள்வது மாதிரி. அதனாலேயே பிடிக்காதவர்களும் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கெடு முடிந்ததும் வேண்டியவர் தொடரட்டும், வேண்டாதவர் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பட்டும். "ஏன் மாப்ள வர்றதில்ல?" என்று யாரும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது.