டவருக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இரண்டு தென்னை

மேலூர் பக்கம் ஊருக்கு வெளியே வீடு கட்டியபோது வாஸ்து பார்த்தோம், போர்த் தண்ணீர் பார்த்தோம், இணையம் வருமா என்று மட்டும் பார்க்கவில்லை. ஃபைபர் மெயின்ரோட்டோடு நின்றுவிட்டது. உள்ளே இழுக்க ஏழு கம்பம் நட வேண்டும், பாதிச் செலவு உங்களுடையது என்று கேபிள்காரர் சொன்னதும், சரி போகட்டும் என்று, டவரிலிருந்து கம்பியில்லாமல் வீட்டுக்கு இணையம் தரும் 5ஜி ஏர்ஃபைபர் போட்டோம். இரண்டு வருடம் ஆகிறது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், எவன் டவர் பக்கத்தில் இருக்கிறதோ அவன்தான் நல்ல கம்பெனி.

பொருத்த வந்த பையன் ஏணி எட்டிய இடத்தில், முன்பக்கச் சுவரில் சிக்னல் வாங்கும் பெட்டியை மாட்டினான். காலை பதினோரு மணிக்கு ஸ்பீட் டெஸ்ட் போட்டு 100 எம்பிபிஎஸ் பிளானில் 96 காட்டிவிட்டுப் போய்விட்டான். ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்தால் 12. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ப்பதால் டவர் திணறுகிறது என்றுதான் நானும் நினைத்தேன், அது பாதி உண்மை. ஆடி மாதம் காற்று அடிக்க ஆரம்பித்ததும்தான் மீதி புரிந்தது, ஏனென்றால் தென்னை மட்டை ஆட ஆட வேகமும் ஏறி இறங்கியது! மழை பெய்தால் இன்னும் மோசம். இந்த அலைவரிசையை மழைத்துளி பெரிதாக ஒன்றும் செய்யாது, நனைந்த ஓலைதான் குடித்துவிடுகிறது.

ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் சிக்னல் எண் தெரியும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 104 இருந்தது. வெல்டரைக் கூப்பிட்டு மொட்டைமாடியில் பத்தடி ஜிஐ பைப் நட்டு, பெட்டியை அதில் ஏற்றி, மரத்துக்குப் பக்கவாட்டில் டவர் தெரிகிற மாதிரித் திருப்பினேன், மைனஸ் 89 ஆனது. இந்தக் கணக்கில் பத்து எண் வித்தியாசம் என்றால் பலம் பத்து மடங்கு. இப்போது ராத்திரியிலும் 40, 50 கிடைக்கிறது. மீதி ஊர்க்கூட்டம், அதற்கு எந்தப் பைப்பும் உதவாது.

எங்கள் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து 2000களின் தொடக்கத்தில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையம் திறந்தார்கள். வேகம் 35 கேபிபிஎஸ் (ஆயிரம் கேபிபிஎஸ் சேர்ந்தால்தான் ஒரு எம்பிபிஎஸ்), போன் பேசாமல் இருந்தால் 70. அன்றைக்கும் கூரைமேல் ஆன்டெனா டவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். வேகம்தான் ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, மரத்தோடு மல்லுக்கட்டுவது மாறவில்லை.

குறை என்றால் அப்லோடுதான். ஒரே அலைவரிசையில் இறக்கமும் ஏற்றமும் முறை வைத்து ஓடுவதால், பெரும்பாலான முறை இறக்கத்துக்கே போய்விடுகிறது. வீட்டுக்காரி தையல் வகுப்பு வீடியோவை ஏற்றப் போட்டுவிட்டுச் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிவிட்டு வந்தால் முடிந்திருக்கும். பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 35 மில்லிசெகண்ட் பக்கம், மச்சான் மகன் விளையாடினால் திட்டுவான், எனக்குத் தெரியவில்லை. வீட்டுப் பெட்டியில் பதிவாகும் பழைய டிவிஆர் கேமராவை ஆபீஸிலிருந்து பார்க்க, ரூட்டரில் வெளியிலிருந்து உள்ளே வர வழி விடும் போர்ட்டை இரண்டு நாள் திறந்து திறந்து பார்த்தேன், நடக்கவே இல்லை. நிறையப் பேருக்கு ஒரே ஐபி முகவரியைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள், வெளியிலிருந்து நம் வீட்டுக் கதவைத் தட்டவே முடியாது. கடைசியில் கிளவுடு கேமரா வாங்கினேன். மாதம் 1000 ஜிபி வரம்பை நாங்கள் தொட்டதே இல்லை.

கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் மாடிப் பெட்டியும் ரூட்டரும் ஓடும். டவரில் பேட்டரி தீர்ந்தால் மட்டும் அம்போ. ஆனால் போன வருடம் ரோடு தோண்டியவர்கள் ஃபைபரை வெட்டிவிட்டு நாலு நாள் கண்டுகொள்ளாமல் இருந்தபோது, மெயின்ரோட்டு வீட்டுப் பிள்ளைகள் ஆன்லைன் பரீட்சைக்கு எங்கள் திண்ணைக்குத்தான் வந்தார்கள்.

ஃபைபர் வாசலுக்கு வந்தால் மாறிவிடுவேன், அதில் சந்தேகமே இல்லை. அதுவரை தென்னை வளர்ந்துகொண்டுதானே இருக்கும், பைப்பை இன்னும் ஐந்தடி ஏற்ற வெல்டரிடம் சொல்லி ஒரு மாதம் ஆகிறது, ஆள் இன்னும் வரவில்லை.