நகரி ரோட்டு மெஸ்ஸும் அங்க ஓடற தெலுங்கு பாட்டும்

திருத்தணில இருந்து திருப்பதி போற ரோட்ல, பார்டர் தாண்டி நகரி ஊர் ஆரம்பிக்கற இடத்துல ஒரு சின்ன மெஸ் இருக்கு. பேர் என்னன்னு கேக்காதீங்க, போர்டு முழுக்க தெலுங்கு, எனக்கு ஒரு எழுத்து படிக்க வராது. தகரக் கூரை, வாசல்ல புங்க மரம், பக்கத்து தெருவுல இருந்து பவர்லூம் சத்தம் டடக் டடக்னு வந்துட்டே இருக்கும், அதான் அடையாளம்.

சாப்பாட்ட முதல்ல சொல்லிடறேன். ஃபுல் மீல்ஸ் 100 ரூவா, வேணும்ங்கற அளவு சோறு. இலை போட்ட உடனே பருப்புப் பொடி, அதுக்கு மேல நெய், நெய் விஷயத்துல கடை நடத்தற அக்காவுக்கு கஞ்சத்தனமே கிடையாது. அடுத்து புளிச்சக்கீரை போட்ட பப்பு, அதாவது அவங்க ஊர் பருப்பு, இதுக்காகவே போலாம். ஆவக்கா ஊறுகா ஜாடியோட டேபிள்லயே இருக்கும், காரம் உச்சந்தலைக்கு ஏறும், பாத்து போட்டுக்கோங்க. ரசம் ஓகே. சாம்பார் கேக்காதீங்க, அது அவங்க ஏரியா இல்ல.

ஆனா நான் டைப் பண்ண உக்காந்தது பாட்டு விஷயமா. கல்லாவுக்கு மேல ஒரு பழைய ஸ்பீக்கர் செட் மாட்டிருக்காங்க, காலைல கடை திறந்ததுல இருந்து மத்தியானம் மூடற வரைக்கும் தெலுங்கு பாட்டு தான், அதுவும் பழசு. டிஃபன் டைம்ல போனா அன்னமய்யா கீர்த்தனை ஓடும். 15ஆம் நூற்றாண்டு ஆளு, திருமலை பெருமாள் மேல பாடினது செப்புத் தகட்டுல பொறிச்சு கோயில்லயே ஒரு சின்ன அறைல ரொம்ப காலம் கிடந்துச்சாம், அதுல கிடைச்சதே பத்தாயிரத்துக்கு மேல. இட்லிய பிச்சு சட்னில தொட்டுட்டே அத கேக்கறப்ப பக்தியா இல்ல ராகமா எது நம்மள புடிச்சு வெச்சிருக்குன்னே தெரியாது. பத்து மணிக்கு மேல பழைய சினிமா பாடகர் கண்டசாலா, சுசீலாம்மா. சாப்பாட்டு டைம்ல எண்பதுகள்.

எனக்கு தெலுங்கு தெரியாது. 1953ல ஆந்திரா பிரிஞ்சப்ப எங்க திருத்தணி அந்தப் பக்கம் போயி 1960ல தான் நம்ம பக்கம் வந்துச்சு, எங்க ஆயா காலத்து ஆளுங்கல்லாம் ரெண்டு பாஷைலயும் சண்ட போடுவாங்க, எங்க செட்டுக்கு வரதுக்குள்ள அது போயிடுச்சு, பஸ்ல சீட் கேக்கற அளவுக்கு தான் வரும். அதனால அந்தப் பாட்டெல்லாம் எனக்கு சுத்தமா குரலா மட்டும் தான் வந்து விழுது. தமிழ் பாட்டுன்னா முதல் வரி காதுல விழுந்த உடனே மனசு அது பின்னாடி ஓடிடும், இது எந்த படம், யார் ஹீரோ, எந்த கல்யாணத்துல கேட்டோம்னு, பாட்டு முடிஞ்சதே தெரியாது. இங்க ஓடறதுக்கு இடமே இல்ல. சுசீலாம்மா ஒரு வரிய முடிச்சு அடுத்தத எடுக்கறதுக்கு நடுவுல மூச்சு எங்க வாங்கறாங்கன்னு கூட கேக்குது, நடுவுல வர்ற வயலின் பிட்ட எல்லாம் நான் இப்ப வாயாலயே வாசிப்பேன். இன்னொண்ணு, தெலுங்குல முக்காவாசி வார்த்தை ஆ, உ, இன்னு தொறந்தே முடியும், பாடறவங்க கடைசி எழுத்த எவ்ளோ வேணா இழுக்கலாம், ன் ம் ல்னு வாய மூட வேண்டிய அவசியம் இல்ல. தியாகராஜர் கீர்த்தனைய திருவையாறுல அத்தன பேர் சேந்து பாடறாங்களே, அதுல பாதி பேருக்கு தெலுங்கு தெரியுமாங்கறது சந்தேகம் தான், கேக்க குறையாவா இருக்கு?

ஒரு நாள் சங்கராபரணம் படத்து பாட்டு ஓடிச்சு, பக்கத்து டேபிள்ல ஒரு பெரியவர் என்ன பாத்து "இது எங்க பாட்டு தம்பி"ன்னு கெத்தா சொன்னாரு. கெத்து நியாயம் தான், ஆனா அந்தப் படத்துக்கு தேசிய விருது வாங்கின மியூசிக் டைரக்டர் கே.வி. மகாதேவன் நாகர்கோவில்காரரு, வாணி ஜெயராம் வேலூர்ல பொறந்தவங்க, அவங்களும் அதுக்கு தான் வாங்கினாங்க. எஸ்பிபி மட்டும் தான் சார் உங்காளுன்னேன். சிரிச்சுட்டு, சுசீலா விஜயநகரம், ஜானகி குண்டூர் பக்கம், பி.பி. ஸ்ரீநிவாஸ் காக்கிநாடா, அத்தனை பேரையும் நீங்க தான வெச்சிருக்கீங்கன்னாரு. அதுக்கு பதில் இல்ல, மோர் ஊத்திக்கிட்டேன்.

சப்ளை பண்ற பையன் நல்லா தமிழ் பேசுவான். "அண்ணா, அர்த்தம் சொல்லட்டா?"ன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பான், நான் வேணாம்னுடுவேன். பிடிவாதம்னே வெச்சுக்கோங்க. அர்த்தம் தெரிஞ்சா அதுல பாதி "நீ நிலா, நான் வானம்" ரகமா தான் இருக்கும்னு எனக்கு ஒரு பயம்.

ஆனா அர்த்தம் தெரியாததுல ஒரு ரிஸ்க் இருக்கு. ரோட்ல மெதுவா போன ஒரு வேன்ல கண்டசாலா குரல், நடுவுல பேச்சு மாதிரி வந்து திரும்ப பாட்டு, என்னா கம்பீரம். கடைல போயி "அக்கா, அந்த பேசிப் பேசி பாடற கண்டசாலா போடுங்களேன்"ன்னேன். அக்கா கரண்டியோட நின்னுட்டாங்க. "ஏம்பா, அது பகவத் கீதை, எங்க ஊர்ல சாவு விழுந்த வீட்ல போடறது, சோறு போடற கடைல கேக்கற!" இலை முன்னாடி இருந்த மொத்த கூட்டமும் திரும்பி பாத்துச்சு.

மைனஸ்: ஸ்பீக்கர்ல இடது பக்கம் கிர்ருனு ஒரு சத்தம், வலது பக்க டேபிள்ல உக்காருங்க. பார்க்கிங் கிடையாது, கார்னா மரத்தடில ஒண்ணு நிக்கும். மூணு மணிக்கு மூடிடுவாங்க. சாப்பாட்டுக்கு நாலு ஸ்டார், பாட்டுக்கு அஞ்சு. ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க, அன்னிக்கு அவங்க பையன் கல்லால இருப்பான், ஃபுல்லா குத்து ரீமிக்ஸ், பப்பும் சீக்கிரம் தீந்துடும்.