ஏரியில் ஜெட் ஸ்கீ வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்திற்கு

ஏரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரையில் கொட்டகை போட்டுப் படகும் ஜெட் ஸ்கீயும் வாடகைக்கு விடுகிற ஆளிடம்தான் வினை. முன்பணம் மொத்தமும் போனது. ஆனால் அதைவிட எனக்கு ஆறாதது, அவர் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டுகள்.

மகளுக்கு மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். ஜாக்கெட் காதுவரை ஏறியது. பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றாள். தண்ணீரில் விழுந்தாலும் இதேதான் நடக்கும். சின்னப் பிள்ளைகளுடையதில் கால்களுக்கு இடையே கொடுத்து இறுக்கும் பட்டை ஒன்று இருக்க வேண்டும். கேட்டதற்கு, "ஏரியில் என்ன சார், அலையா அடிக்கிறது?" என்று சிரித்தார். இன்னொன்றில் கொக்கி உடைந்து நாடாவை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். அதன் நுரையை விரலால் அழுத்தினால் விழுந்த பள்ளம் எழவே இல்லை. உட்புறம் 50 நியூட்டன் என்று அச்சிட்டிருந்தது, ஜாக்கெட் ஆளை எவ்வளவு பலமாக மிதக்க வைக்கும் என்பதன் அளவு அது. 50 என்பது நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், உதவி பக்கத்திலேயே இருக்கும்போது அணிவது. மயங்கியவரை முகம் மேலே வரும்படி புரட்டாது. நீந்தத் தெரியாதவருக்குக் குறைந்தது 100 வேண்டும். மகளைக் கரையிலேயே நிறுத்திவிட்டேன். குவியலில் தேடி, உருப்படியான இரண்டை எடுத்துக்கொண்டு நானும் மைத்துனரும் மட்டும் போனோம்.

ஓட்டுவதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம்: "பைக் ஓட்டுவீர்கள்தானே?" அவ்வளவுதான். பைக் மாதிரி அல்ல. பின்னால் பீய்ச்சுகிற நீர்தான் ஜெட் ஸ்கீயைத் திருப்புகிறது. பயந்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால், பல வண்டிகள் கைப்பிடியை எப்படித் திருப்பினாலும் நேரேதான் போகும். ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிற்றை மணிக்கட்டில் மாட்ட வேண்டும். அது கைப்பிடியில் சும்மா சுற்றிக் கிடந்தது. வண்டிகள் கரையேறும் அதே துறையில்தான் குளிக்கவும் விடுகிறார். மிதவைக் கயிறு கட்டிப் பிரிக்காத இடத்தில் தயவுசெய்து இறங்காதீர்கள்.

திரும்பி வந்ததும் வண்டியைக் கரைக்கு இழுத்து, அடிப்பாகத்தில் ஒரு கீறலைக் காட்டினார். கீறலுக்குள் பச்சைப் பாசி படிந்திருந்தது! எங்கள் சவாரி அரை மணி நேரம். அதற்குள் பாசி வளர்க்கும் வித்தை எங்களுக்குத் தெரியாது என்றேன். என் அடையாள அட்டை அவர் மேசை இழுப்பறையில் இருந்ததால் வாக்குவாதம் நீளவில்லை. அட்டை வந்தது, பணம் வரவில்லை.

எங்கே எடுத்தாலும் அசல் அட்டையைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். வண்டி தண்ணீரில் இறங்குவதற்கு முன், அடிப்பாகம் உட்பட, உரிமையாளரை அருகில் வைத்துக்கொண்டே வீடியோ எடுங்கள். நேர்மையான ஆள் மறுக்க மாட்டார். முன்பணத்துக்கு ரசீது தராதவரிடம் பேச்சே வேண்டாம்.

புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கீறலின் படத்தையும் இணைத்திருக்கிறேன். பாசி நன்றாகவே தெரிகிறது.