மாருதி 800: முதல் காராக இப்போது வாங்கலாமா?

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தபோது அதன் விலை சுமார் 47,500 ரூபாய். அதற்கு முன் கார் என்றால் அம்பாசிடர், பத்மினி, நம் ஊர் ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தது, டெலிவரி எடுத்த கையோடு சென்ட்ரல் பக்கத்துப் பாடிகாட் முனீஸ்வரன் கோயிலில் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது, சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மனமில்லாமல் வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டியது: முதல் கார் பற்றி நடுத்தரக் குடும்பங்களில் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தக் காரில்தான் போய் நிற்கும். இந்திரா காந்தியிடம் சாவி வாங்கிய அந்த முதல் உரிமையாளர் தம் வண்டியை 2010-இல் தாம் இறக்கும்வரை விற்கவே இல்லை. பிறகு நிறுவனமே அதைச் சீர்செய்து தன் தலைமையகத்தில் வைத்திருக்கிறது.

2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோனது. ஆனாலும் அப்பா வைத்திருந்த கார் என்பதாலோ, ஓட்டிப் பழகக் குறைந்த விலையில் ஒன்று வேண்டும் என்பதாலோ இன்றும் பலர் முதல் காராக 800-ஐத் தேடுகிறார்கள். அவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தக் காரில் எஞ்சினைப் பார்த்து ஏமாறாதீர்கள், தகரத்தைப் பாருங்கள். எஞ்சின் வேலைக்கு எந்த ஊரிலும் ஆள் உண்டு, சாமான் உண்டு, செலவும் தாங்கும். துரு தின்ற பாடியை மீட்க வண்டியின் விலையைவிட அதிகம் போய்விடும்.

எந்த வருட வண்டி என்பது அடுத்த கேள்வி. 1986-க்கு முந்தைய முதல் வடிவம் சேகரிப்பவர்களுக்கானது. தினசரி ஓட்ட வாங்காதீர்கள். அதன்பின் வந்த வட்டமான வடிவம்தான் கடைசிவரை இருந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன், 4 கியர். 2000 வாக்கில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் போய், அந்த வேலையை மின்னணுக் கட்டுப்பாட்டில் செய்யும் எம்பிஎஃப்ஐ வந்தது. அதே காலத்தில் சிலிண்டருக்கு 4 வால்வும் 5 கியரும் உள்ள, 45 குதிரைத்திறன் தரும் ஒரு வகையும் சில காலம் விற்றது. ஓட்ட அதுதான் எல்லாவற்றிலும் சுகம். ஆனால் அதன் எஞ்சின் சாமான்கள் சாதாரண 800-க்குச் சேராது என்பதால் வாங்குமுன் உங்கள் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். முதல் கார் வாங்குபவருக்குச் சரியானது 2005-க்குப் பிந்தைய எம்பிஎஃப்ஐதான். சோக் இழுக்கும் வேலையில்லை, காலையில் ஒரே சாவியில் கிளம்பும், புகைச் சோதனையிலும் தொல்லை தராது.

இனி தகரம். வெயில் நேரத்தில், கழுவாத வண்டியைப் பாருங்கள். கழுவிய ஈரத்தில் எல்லாப் பெயின்ட்டும் பளபளக்கும். முதலில் தரை விரிப்பை (மேட்) முழுதாகத் தூக்கச் சொல்லுங்கள். 800-இல் துரு பெரும்பாலும் மேலிருந்துதான் தொடங்கும்: முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடிக்கும், மழைத் தண்ணீர் அதன் வழியே டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, கால் வைக்கும் இடத்தில் விரிப்புக்கு அடியில் தேங்கும். மேட் ஊறிய ஸ்பான்ஜ் மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தரை உள்ளிருந்தே அரிக்கும். டிரைவர் காலடியில் கட்டைவிரலால் அழுத்துங்கள். தகரம் நெகிழ்ந்தாலோ புது தார் பூச்சு தெரிந்தாலோ, கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்க்காமல் விலை பேச வேண்டாம். துருவின் மேல் அடித்த அண்டர்பாடி கோட்டிங் ஈரத்தை உள்ளே அடைத்து அரிப்பை வேகப்படுத்தும். பார்க்க மட்டும் அழகாயிருக்கும்.

அடுத்து கதவுகளின் கீழ் விளிம்பு. அங்கே தண்ணீர் வடியச் சிறு ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்துவிட்டால் கதவு உள்ளே தண்ணீர் நின்று அடிப்பகுதி உதிரும். பின்பக்க டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தையும், பானட்டைத் திறந்து பேட்டரிக்கு அடியிலுள்ள தட்டையும் பாருங்கள். ஆசிட் சிந்திச் சிந்தி அந்தத் தட்டு போயிருக்கும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி முன் ஃபெண்டர், சக்கர வளைவு, கதவின் கீழ்ப்பகுதி என்று வைத்துக்கொண்டே போனால் பட்டி (பள்ளத்தையும் ஓட்டையையும் மூடும் பூச்சு) பூசிய இடத்தில் ஒட்டாது. ஓரிரு இடத்தில் பட்டி இருந்தால் பரவாயில்லை, இத்தனை வருட வண்டியில் இல்லாமல் இருக்காது. ஆனால் முன் ஷாக் அப்சார்பர் மேலே பிடித்திருக்கும் இடத்திலோ, பின் சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடத்திலோ துரு ஓட்டை இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர வண்டியைவிட சேலம், ஈரோடு, கோவைப் பக்கம் வளர்ந்த வண்டியில் தகரம் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எஞ்சினைச் சூடு ஆறிய நிலையில்தான் பார்க்க வேண்டும். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ரேடியேட்டர் மூடியை ஆறிய எஞ்சினில் மட்டும் திறந்து, ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் குமிழி தொடர்ந்து வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் ஹெட் கேஸ்கட் (எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பசை ஒட்டியிருந்தாலும் அதே சந்தேகம். அலுமினிய ஹெட் ஒரு முறை கொதித்தாலே வளைந்துவிடும். 800-இல் அதற்கு வழக்கமான காரணம் ரேடியேட்டர் ஃபேன் ஓடாதது. ஃபேனை இயக்கும் தெர்மோ ஸ்விட்ச் செத்திருக்கும், அல்லது வயர் கழன்றிருக்கும். அதனால் எஞ்சினை நிறுத்தாமல் பத்து பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்பதை நேரில் பார்த்த பிறகே நகருங்கள். சில வண்டிகளில் ஃபேனை நேரடியாக சாவியோடு இணைத்திருப்பார்கள். அது அவசர ஒட்டு. ஸ்விட்ச் மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் ஆன கணத்தில் மட்டும் நீலப்புகை ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் காய்ந்திருக்கிறது, சின்னச் செலவு. ஓட்டும்போது ஆக்ஸிலேட்டர் அழுத்த அழுத்த நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, எஞ்சினை இறக்க வேண்டிவரும். மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது) லேசான அதிர்வு இயல்பு. ஸ்டீயரிங்கும் கியர் தண்டும் சேர்ந்து நடுங்கினால் எஞ்சின் மவுன்ட் ரப்பர் போயிருக்கும், அல்லது ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை. ஒன்று அடிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும் என்பதால் மேம்பாலம் ஏறும்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் போடச் சொன்னால் சந்தேகம் தீரும். மூன்றுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. கார்புரேட்டர் வண்டியில் பிளக் வயர்களைக் கழற்றி மாட்டியவர் வரிசையை மாற்றிவிட்டாலும் இதே நடுக்கம் வரும். இதன் ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்கள் அடிக்கும் வரிசை, 1-3-2.

ஓட்டிப் பார்க்கும்போது மூன்று சத்தங்களுக்குக் காது கொடுங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் 'டக் டக்' என்று வருவது டிரைவ் ஷாஃப்டின் ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் புகுந்ததன் விளைவு. ரப்பர் மட்டும் கிழிந்த நிலையில் பிடித்துவிட்டால் சில நூறில் முடியும். மூன்றாவதிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கும்போது 'கர்' என்றால் கியர் உரசாமல் சேர உதவும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. கியர் பெட்டியைப் பிரிக்காமல் தீராது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். வேகம் கூடக் கூட ஒரே சீரான முனகல் வந்தால் சக்கர பேரிங்.

பெட்ரோல் விஷயத்தில் இன்று ஒரு புதுத் தலைவலி சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. பழைய 800-இன் ரப்பர் குழாய்களும், கார்புரேட்டர் மாடலின் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குழாய் உப்பிக் கசியும். டேங்கின் அடியில் பல வருடம் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும். வண்டி வாங்கியதும் டேங்கிலிருந்து எஞ்சின்வரை உள்ள எல்லா ரப்பர் குழாயையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றி, பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு ஃபில்டர் தேவைப்படலாம். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் இந்தப் பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டுவைக்காதீர்கள். எம்பிஎஃப்ஐ மாடலில் டேங்க் உள்ளேயே மின்சார பம்ப் இருக்கிறது, பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் அது சீக்கிரம் எரிந்துபோகும். டேங்க் கொள்ளளவே 28 லிட்டர்தான், கால் டேங்குக்குக் கீழே போகவிடாதீர்கள்.

ஏசி உள்ள வண்டி கிடைத்தால் நல்லது, ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 37 குதிரையில் கம்ப்ரஸர் சாப்பிட்டது போக மிச்சம்தான் சக்கரத்துக்கு. ஏற்காடு, கொடைக்கானல் ஏற்றத்தில் நாலு பேரோடு ஏசியை அணைத்துத்தான் ஏற வேண்டும். தொண்ணூறுகளின் வண்டியில் பழைய ஆர்-12 வாயு இருந்திருக்கும். அதில் வெறுமனே ஆர்-134ஏ அடித்துத் தருபவரிடம் போகாதீர்கள். கம்ப்ரஸர் ஆயில், ஓ-ரிங், டிரையர் மூன்றையும் மாற்றாமல் செய்தால் ஒரு கோடைகூடத் தாங்காது.

ஓட்டக் கற்பவருக்கு இதைவிட அன்பான கார் கிடையாது. நீளம் 3.3 மீட்டர் சொச்சம், அகலம் 1.44 மீட்டர். மயிலாப்பூர் மாடவீதிகளிலும் மதுரை மாசி வீதிகளின் சந்துகளிலும் எதிரே ஆட்டோ வந்தாலும் ஒதுங்க இடமிருக்கும். நாலு மூலையும் சீட்டிலிருந்தே தெரியும். பவர் ஸ்டீயரிங் இல்லை. வண்டி எடை 650 கிலோ அளவில்தான் என்பதால் அது குறையாகவே தோன்றாது. கிளட்ச் கேபிள் லேசாக இருக்கும். மைலேஜ் ஊருக்குள் 14 முதல் 16, வெளிச்சாலையில் 18-க்கு மேல்.

ஆனால் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, சில மாடல்களில் பிரேக் பூஸ்டரும் இல்லை. பூஸ்டர் இல்லாத வண்டியில் புதிய கார் பழகியவர் கால் வைத்தால் நிற்காதது போலவே இருக்கும், இரு மடங்கு அழுத்த வேண்டும். 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் மாருதியின் புதிய ஆல்டோ 800-க்கே ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. இது அதைவிடப் பழைய வடிவமைப்பு. குழந்தைகளோடு அடிக்கடி திருச்சி நெடுஞ்சாலையில் போகிற குடும்பத்துக்கு இந்தக் காரைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. ஊருக்குள் கடை, பள்ளி, ரயில் நிலையம் என்று ஓட்டுபவருக்குத்தான் இது. பெரிய சாலையில் ஏறினாலும் மணிக்கு 70-ஐத் தாண்ட வேண்டாம்.

வாங்கிய வாரத்திலேயே செய்ய வேண்டியவை: டைமிங் பெல்ட்டும் டென்ஷனர் பேரிங்கும் (விற்பவர் "போன வருஷம்தான் மாத்தினேன்" என்றாலும் பில் இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள்), எஞ்சின் ஆயில் சுமார் மூன்று லிட்டர், ஃபில்டர்கள், மூன்று பிளக், கூலன்ட், பிரேக் ஆயில். பின் சக்கர டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டர் கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டயர் அளவு 145/70 ஆர்12. ரப்பர் தேயாமல் இருந்தாலும் பக்கவாட்டில் எழுதியுள்ள தயாரிப்பு வாரத்தைப் பார்த்து, ஆறு வருடம் கடந்திருந்தால் மாற்றுங்கள். கண்ணாடி, கதவுக் கைப்பிடி, விளக்கு போன்ற பழைய சாமான்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது. பிரேக், பெல்ட், ஸ்டீயரிங் சாமான்களை மட்டும் பழையதில் வாங்காதீர்கள்.

காகிதங்களில்தான் கணக்கு தவறுகிறது. தனியார் காருக்கு ஆர்சி (பதிவுச் சான்று) 15 வருடம். அதன்பின் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000. பசுமை வரி தனி. 50,000 ரூபாய்க்கு வண்டி வாங்குபவருக்கு இது சின்னத் தொகை அல்ல. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு ஆர்டிஓ எல்லையென்றால் என்ஓசிக்கு (தடையில்லாச் சான்று) படிவம் 28. எப்போதோ அடைத்த வங்கிக் கடன் ஆர்சியில் இன்னும் நின்றால் படிவம் 35-உம் வங்கிக் கடிதமும். பழைய வண்டிகளில் அடிக்கடி சிக்குவது இந்தக் கடைசி விஷயம்தான், ஏனென்றால் கடன் கொடுத்த நிறுவனமே சில சமயம் மூடியிருக்கும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். 1000 சிசிக்குக் கீழ் என்பதால் 2022-இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் 2,094 ரூபாயும் வரியும்தான்.

பி.எஸ்-4 எனும் புகை மாசு விதி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் வந்ததால் அங்கே 800 விற்பனை நின்றது. மற்ற ஊர்களில் 2014 வரை தொடர்ந்தது. ஆகவே 2011, 2012, 2013 பதிவு வண்டி வேண்டுமென்றால் சென்னை ஆர்டிஓ எண்களில் தேடாமல் கோவை, மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் பக்கம் தேடுங்கள். முதல் 15 வருடம் இன்னும் முடியாத அல்லது இப்போதுதான் முடியப்போகிற வண்டிகள் அவைதான். முடியும் தறுவாயில் இருந்தால், விற்பவரே புதுப்பித்துக் கொடுத்த பிறகு முழுப் பணமும் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். துரு இருந்தால் அது ஆர்டிஓ பார்வையிலும் ஒருமுறை சிக்கிவிடும்.